ஞாயிறு கூடுகை: மழைச்சேதமும் நம் கடமையும்

ஏற்காடு பங்குக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும், பேரிடர்களால் நலிந்தோர் குறித்துக் கூடிப் பேசவிருக்கிறோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் நம் மலைப்பாதையில் மண் சரிந்தபோது, சுற்றுலா வந்தவர்களுக்குப் பயணம் தடைபட்டது. அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் காப்பித் தோட்டக் குடும்பங்களுக்கோ அடுப்பெரிவதே கேள்விக்குறியாகும். திருவண்ணாமலை மலையடிவாரத்தில் அதே மழையில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணில் புதைந்து மாண்டனர். அவ்வாண்டு ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவிலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் அடித்துச் செல்லப்பட்டன. சரிவில் குடியிருப்போர் பெரும்பாலும் வேறு இடம் வாங்க வழியற்றவர்களே.

நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்கிச் செல்பவர்கள் என்கிறது லேவியர் நூல் 25ஆம் அதிகாரம். பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வேண்டினார். ஆகவே நிவாரணத்தைத் தருமமாகக் கருதாமல், அவர்களுக்குரிய நீதியாகவே நாம் கருத வேண்டும்.

சேர்வராயனை வழிபடும் மலையாளிப் பழங்குடி அண்டை வீட்டாரையும் தவறாமல் அழைத்து வாருங்கள். இம்மலையின் நீரோட்டத்தை நம்மைவிட நன்கறிந்தவர்கள் அவர்கள். அடைபட்ட ஓடை, செங்குத்தாக வெட்டிய சரிவு, விரிசல் விட்ட சுவர் எங்கேனும் இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள். அவற்றைத் தொகுத்து வட்டாட்சியரிடம் மனுவாக அளிப்போம்.