பழைய தொட்டியை இனி ஏன் ஒட்டித் தருவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி முடிந்து இங்கே தென்னாப்பிரிக்காவில் வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் டர்பன் பட்டறைக்கு வேக்போர்டு படகுகள், அதாவது பலகையில் நிற்பவரைக் கயிற்றால் இழுத்து அலையில் சறுக்க விடும் படகுகள், வரிசையாக வந்துவிடும். இந்த முறை பலரும் கேட்டது ஒன்றேதான்: "உள்ளே இருக்கிற எடைத் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது, ஒட்டித் தர முடியுமா?"

இனி நாங்கள் ஒட்டித் தருவதில்லை. படகைத் தாழ்த்தி அலையைப் பெரிதாக்கத் தண்ணீர் நிரப்பும் அந்தத் தொட்டிகள் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. சூடுவைத்து இணைக்கலாம், அதையும் செய்து பார்த்தோம். ஆனால் குழாய் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் விரிசல் விடுகிறது. படகு அலையில் குதிக்கும்போதெல்லாம் 300 லிட்டர் தண்ணீர், அதாவது 300 கிலோ, அங்கேயே இடிக்கிறது. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே பிளந்து அடுத்த கோடையில் திரும்பி வந்த படகுகள் உண்டு. உங்களிடம் இரண்டு முறை காசு வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அதனால் தொட்டியை எடுத்துவிட்டு, அதே வேலைக்குத் தண்ணீர் நிரப்பும் மென்மையான பைகள் வைக்கிறோம். கூலி ஏன் அதிகம் என்று கேட்கிறீர்கள். பல படகுகளில் தொட்டியை வைத்த பிறகுதான் தளத்தை மூடியிருக்கிறார்கள். அது முழுதாக வெளியே வராது, துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பாதி நேரம் அதற்கே சரியாகிவிடும். அப்புறம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு முனைகளை வெட்டி, ரப்பர் விரிப்புப் போடுகிறோம். பை கிழிய ஒரு முனை போதும். பையின் உச்சியில் காற்றுக் குழாயும் கட்டாயம் வைக்கிறோம். அது இல்லாவிட்டால் காற்று சிக்கிப் பை சரியாக நிறையாது. பம்ப்பை நிறுத்த மறந்தால் மிஞ்சும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தையலும் பிரிந்துவிடலாம்.

எங்களுக்கு ஒரே ஒரு கவலை. பை பழைய தொட்டியைவிடக் கூடுதலாகக் கொள்ளும். பெரிய அலை வேண்டுமென்று நிரப்பிக்கொண்டே போகாதீர்கள். படகின் தகட்டில் உள்ள எடை வரம்பைப் பார்க்கும்போது ஆட்களோடும் சாமானோடும் நீங்கள் கூட்டும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பின்பக்கம் மட்டும் நிரப்பினால் முன்மூக்கு தூக்கிக்கொள்ளும், எதிரே தண்ணீரில் கிடக்கும் பிள்ளை ஓட்டுபவர் கண்ணில் படாது.

கரையேறும் முன் பைகளை நீங்கள் படகு ஓட்டிய அணையிலேயே காலி செய்துவிடுங்கள். இனாண்டா அணையின் ஆகாயத்தாமரை விதை உங்கள் பையில் ஏறி மிட்மார் அணைக்குப் போக வேண்டாம்.

தைப்பூசத்தன்று பட்டறை திறக்காது. மற்ற நாட்களில் வரும்போது எடைத் தகட்டைப் படமெடுத்து வாருங்கள், பையின் அளவை அதை வைத்தே முடிவு செய்வோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து