குதிக்கிறதை மட்டும் எழுதினா போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பாலே டான்ஸ் பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன், தமிழ்ல இதப் பத்தி யாராவது எழுதுறதே அபூர்வம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா குதிக்கு பேர் போன ரஷ்ய பாலே டான்சர் நிஜின்ஸ்கி காத்துலயே கொஞ்ச நேரம் நின்னாருன்னு போட்டிருக்கீங்களே, அது நடக்காத காரியம் சார். அரை செகண்ட் அந்தரத்துல இருக்கணும்னாலே உடம்பு சுமார் 30 சென்டிமீட்டர் மேல போகணும், ஒரு செகண்டுன்னா 120க்கும் மேல, யாரால முடியும்?

அப்புறம் எப்படி மெதக்குற மாதிரி தெரியுதுன்னா, கிராண்ட் ஜெத்தேல, அதாவது ரெண்டு காலையும் முன்னும் பின்னுமா விரிச்சுப் பாயுற பெரிய தாவல்ல, உச்சிக்குப் போற நேரம் பாத்து காலை விரிச்சு கையையும் தூக்குவாங்க, அதுல உடம்போட எடை மையம் உடம்புக்குள்ளயே கொஞ்சம் மேல ஏறிக்கும், மையம் எப்பவும் போல வளைஞ்சு தான் போகுது ஆனா தலை மட்டும் ஒரு கணம் ஒரே மட்டத்துல போகும், நம்ம கண்ணு தலையத் தான பாக்குது. முழுக்க டைமிங். கால் கொஞ்சம் முந்தி விரிஞ்சாலே போச்சு.

எனக்கு பெரிய ஆதங்கம் என்னன்னா, கட்டுரை முழுக்க தேடியும் எறங்குறதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. 1911ல மான்டி கார்லோல நிஜின்ஸ்கி ஒரு பாலேல ரோஜாவோட ஆவியா வேஷம் கட்டி ஜன்னல் வழியா பாஞ்சாரே, அவர் எறங்குனது மேடைக்கு வெளிய, பாத்தவங்களுக்குத் தெரியாது. மத்த நேரமெல்லாம் டான்சர்ங்க நம்ம கண்ணு முன்னாடி எறங்கியாகணும், பல தடவை ஒத்தக் கால்ல, சத்தமே வராம. பாதம் நீட்டி இருக்கும்போது கணுக்கால் எலும்போட ஒல்லியான பின்பக்கம் தான் மூட்டுக்குள்ள உக்காரும், பிடிப்பு கம்மி, கரெக்டா அந்த நிலையில தான் தரையத் தொடுறாங்க, அதான் கணுக்கால் பிசகுறது இவங்களுக்கு அவ்ளோ சகஜம். விரல் நுனி, முன்பாதம், குதிகால்னு வரிசையா தரைக்கு வந்து உடனே முட்டிய மடக்கி பிளியே, முட்டி கால்விரலுக்கு நேரா வரணும். பாதத்த வெளிப்பக்கம் திருப்புறது இடுப்புல இருந்து வரணும், வரலேன்னு பாதத்த மட்டும் வலுக்கட்டாயமா திருப்புனா முட்டி முறுக்கிக்கும், உள்பாதம் சரிஞ்சுடும்.

டென்மார்க்ல பாலே மாஸ்டர் புர்னோன்வில் (1805–1879) உண்டாக்குன ஸ்டைல்ல குதிக்கும்போது கை பெரும்பாலும் கீழயே இருக்கும், கைய வீசி மேல போறதெல்லாம் கிடையாது, காலும் நடு உடம்பும் தான் வேலை செய்யணும், ஒரு பிளியேல எறங்குன வேகத்துலயே அடுத்த குதி கெளம்பிடும். எனக்கு அது தான் உசத்தி. இதுக்கெல்லாம் அடிப்படை, பயிற்சியில கைப்பிடிக்குற கம்பியப் பிடிக்காம ஒத்தக் கால்ல மெதுவா எழும்பி எறங்குறது, கண்ண மூடிட்டு நின்னு பழகுறது, ஏன்னா வகுப்புல பாத்து சரி பண்ணிக்குற முகக்கண்ணாடி மேடையில இருக்காது.

கட்டுரையில போட்ட குதிக்கிற படத்தப் பாத்துட்டு பிள்ளைங்க வீட்ல குதிச்சுப் பாப்பாங்க சார். அடுத்த தடவை எறங்குற படம் ஒண்ணும் போடுங்க, சிமெண்ட், டைல்ஸ் தரையில பழகாதீங்க, லேசா அமுங்குற மரத்தளம் வேணும்னும் சேத்து எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி