சுவரில் ஒட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை: கட்டட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டட நிர்வாகிகளுக்கும் உரிமையாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கட்டடத்தின் வெப்பமூட்டும், குளிரூட்டும் அமைப்புக்கு வயர்லெஸ் வெப்பநிலை சென்சார்களைப் பொருத்தி முடித்ததும், ஒப்பந்ததாரர் ஒரு படிவத்தை உங்கள் முன் நீட்டுவார். எத்தனை சென்சார் வாங்கினோம், எத்தனை சுவரில் ஏறின, கணினித் திரையில் எத்தனை எண்கள் தெரிகின்றன என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தக் கையெழுத்தைச் சற்று நிறுத்திவைக்கும்படி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு சென்சாரும் உண்மையில் எந்தக் காற்றை அளக்கிறது? அது பேசாமல் போய்விட்டால் இயந்திரங்கள் என்ன செய்யும்? இந்த இரண்டுக்கும் கண்முன்னே பதில் கிடைக்கும்வரை வேலை முடிந்ததாக ஏற்காதீர்கள்.

வயர்லெஸ் சென்சார்கள்மீது எனக்குப் பகை இல்லை. குடியிருக்கும் கட்டடத்தில் சுவரைக் குடைந்து, குழாய் பதித்து, கம்பி இழுப்பது என்ன பாடு என்று பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். உடைக்கக் கூடாத பழைய சுவர்கள், கண்ணாடித் தடுப்புகள், கல்நார் கலந்த கூரைப் பலகைகள் இருக்கும் இடங்களில் வயர்லெஸ்தான் நல்ல வழி. கம்பிக்காகத் துளைத்த ஓட்டை வழியாகச் சுவருக்குள் இருக்கும் காற்று கசிந்துவந்து அளவைக் கெடுக்கும் பழைய தொல்லையும் இதில் இல்லை.

ஆனால் அதே எளிமைதான் ஆபத்தாகவும் மாறுகிறது. கம்பி இழுக்க வேண்டியிருந்தபோது, எங்கே வைப்பது என்று வரைபடத்தைப் பார்த்து யாராவது யோசித்தாக வேண்டும். இப்போது இருபுறமும் ஒட்டும் டேப் போதும். ஏணி எட்டிய இடத்தில், காலியாகக் கிடந்த சுவரில், அழகு கெடாத மூலையில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மாலை வெயில் விழும் சுவர், வெளிப்புறச் சுவர், நகலெடுக்கும் இயந்திரத்தின் பின்பக்கம், குளிர்காற்று வந்து விழும் கூரைத் துவாரத்துக்கு நேர் எதிர், புத்தக அலமாரியின் மறைவு ஆகிய எல்லா இடங்களிலும் சென்சார்களைப் பார்த்திருக்கிறேன். அவை அளப்பது வெயிலையும் சுவரையும் இயந்திரத்தையும்தான். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரைச் சுற்றியுள்ள காற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

வழக்கமான விதி எளியது: உட்புறச் சுவர், தரையிலிருந்து சுமார் 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம், காற்று தாராளமாகப் புழங்கும் இடம், நேரடி வெயிலும் வெப்பம் உமிழும் கருவியும் இல்லாத பக்கம். வெப்ப, குளிரூட்டும் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே (ASHRAE) வெளியிட்ட, மனித வசதிக்கான 55ஆம் எண் தரநிலை, உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்றின் வெப்பநிலையை 0.1, 0.6, 1.1 மீட்டர் உயரங்களில் அளக்கச் சொல்கிறது. கணுக்கால், இடுப்பு, தலை என்று உடம்பை வைத்தே அந்த உயரங்களைத் தீர்மானித்திருக்கிறார்கள். கொள்முதல் கூட்டங்களில் ±0.5 டிகிரி துல்லியமா, ±0.2 டிகிரியா என்று நீண்ட நேரம் விவாதிக்கிறீர்கள். வெயில் படும் சுவரில் ஒட்டினால் சில டிகிரிகள் பிசகிவிடும். அதிகப் பணம் கொடுத்து வாங்கிய துல்லியம் அங்கே எதற்கும் உதவாது.

ஒரு சென்சார் தவறினால் ஓர் அறைதானே கெடும் என்று நினைக்க வேண்டாம். இன்றைய பல அமைப்புகளில், அறைகள் கேட்கும் அளவுக்கு ஏற்பத்தான் மையக் காற்று இயந்திரம் தான் அனுப்பும் காற்றின் குளிர்ச்சியைக் கூட்டிக் குறைக்கிறது. வெயிலில் காயும் ஒரே ஒரு சென்சார் ‘இன்னும் குளிர் வேண்டும்’ என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால், மொத்தக் கட்டடத்துக்கும் தேவைக்கு மேல் குளிர்ந்த காற்று போகும். மற்ற அறைகளில் அந்தக் குளிர்ந்த காற்றை மறுபடி சூடாக்கி அனுப்புவார்கள். குளிர்விக்கவும் காசு, சூடாக்கவும் காசு. தடுப்பில்லாத ஒரே கூடத்தில் இரண்டு சென்சார்கள் இருந்தால் இன்னும் மோசம்: ஒன்று வெப்பம் கேட்கும், மற்றொன்று குளிர் கேட்கும், அவை இயக்கும் இரண்டு இயந்திரங்களும் ஒன்றையொன்று எதிர்த்து ஓடும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இனிச் சொல்லப்போவதுதான்.

கம்பி சென்சாரில் கம்பி அறுந்தால் மின்தடை அளவு எல்லையைத் தாண்டும். திரையில் நம்ப முடியாத ஓர் எண் வரும், எச்சரிக்கை ஒலிக்கும், யாராவது ஓடிவந்து பார்ப்பார்கள். வயர்லெஸ் சென்சார் செத்தால் சத்தமே வராது. பல அமைப்புகளில் கடைசியாக வந்த அளவு அப்படியே திரையில் நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை 23 டிகிரி என்று சொல்லிவிட்டுச் செத்துப்போன சென்சார், திங்கட்கிழமை காலையிலும் 23 என்றே காட்டும். கட்டுப்பாட்டுக் கருவியின் கணக்கில் அது மிக ஒழுங்கான அறை. அந்த எண்ணை நம்பி வால்வைத் திறந்தோ மூடியோ அப்படியே வைத்திருக்கும். அறைக்குள் மனிதர்கள் நடுங்குவார்கள் அல்லது வேர்த்துக் கொட்டுவார்கள். மாறவே மாறாத நேர்க்கோடாக ஓடும் வரைபடத்தைக் கண்டால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். ஆள் புழங்கும் எந்த அறையின் வெப்பநிலையும் அப்படி அசையாமல் நிற்பதில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது, செலவும் பெரிதில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த இந்தச் சென்சார்கள் அளவு மாறினால் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைக்கப்படுவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் எதுவும் மாறாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி வந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளி 15 நிமிடம் என்றால், தொடர்ந்து 3 செய்திகள் வராதபோது அந்த அளவைச் செல்லாததாக்கி எச்சரிக்கை எழுப்ப வேண்டும். அதன்பின் இயந்திரம் எதைப் பார்த்து இயங்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்: பக்கத்து அறைகளின் சராசரியா, திரும்பி வரும் காற்றின் வெப்பநிலையா, பாதுகாப்பான ஒரு நிலையான திறப்பா? எதுவானாலும் சரி, முடிவெடுத்து எழுதப்பட்டிருக்க வேண்டும். குழாய் உறைந்து வெடிக்காமல் காக்கும் சுவிட்சு போன்ற பாதுகாப்புக் கருவிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் வயர்லெஸ்ஸுக்கு மாற்றச் சம்மதிக்காதீர்கள். அவை கம்பியில்தான் இருக்க வேண்டும்.

சென்சார் ஏன் சாகிறது என்பதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே. விளம்பரத் தாளில் ‘10 ஆண்டு பேட்டரி’ என்றிருந்தால், எத்தனை நிமிடத்துக்கு ஒரு செய்தி என்ற கணக்கில் அந்த 10 வந்தது என்று கேளுங்கள். பல கருவிகளில் இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரியின் மின்னழுத்தம் கிட்டத்தட்டக் கடைசிவரை குறையாமல் நின்று, பிறகு சட்டென்று விழும். ஆகவே திரையில் ‘பேட்டரி நன்று’ என்று தெரிவதை நம்பி இருக்க முடியாது. மாற்றும் தேதியை நாட்காட்டியில் குறித்துத்தான் ஆக வேண்டும். பேட்டரியே இல்லாமல் அறை வெளிச்சத்தில் இயங்கும் என்ஓஷன் வகைச் சென்சார்களும் உண்டு. அருமையான கருவிகள். ஆனால் எப்போதும் விளக்கணைந்து கிடக்கும் சேமிப்பறையில் அதை ஒட்டினால் சில நாட்களில் அடங்கிப்போகும்.

அடுத்து ரேடியோ அலை. ஆளில்லாத, மேசை நாற்காலி வராத, கதவெல்லாம் திறந்திருக்கும் கட்டடத்தில் எடுத்த சமிக்ஞை அளவு, நிறைந்த கட்டடத்தில் நிலைக்காது. பல சென்சார்கள் செய்தி அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பில் உள்ள நீரே உறிஞ்சுகிறது. கூட்டம் நிறைந்த அரங்கில் தொடர்பு பலவீனமாவது அதனால்தான். லிப்ட் குழி, இரும்புக் கதவு, கம்பி கட்டிய கான்கிரீட் எல்லாமே அலையை மறிக்கும். காற்றுக் குழாயின் தகர உடலுக்குள் ஆன்டெனாவை வைத்துவிட்டு, செய்தி வரவில்லை என்று சென்சாரைப் பழிப்பது சரியில்லை. அளக்கும் முனை உள்ளேயும் ஆன்டெனா வெளியேயும் இருக்க வேண்டும். உங்கள் சென்சார்கள் ஜிக்பீ (Zigbee) என்ற வயர்லெஸ் முறையில் பேசுபவையானால், வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் நெரிசலாக ஓடுகிறது. வைஃபை 1, 6, 11 ஆகிய சேனல்களில் இருந்தால் ஜிக்பீக்கு 15, 20, 25 ஆகியவை ஒப்பீட்டளவில் அமைதியான இடைவெளிகள். உங்கள் கணினிப் பிரிவினரும் ஒப்பந்ததாரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் இந்த விஷயம், பேசாததால் மாதக்கணக்கில் இழுக்கிறது.

கையெழுத்துக்கு முன் நீங்களே நின்று பார்க்க வேண்டிய ஒரு சோதனையும் உண்டு. ஒருவர் சென்சாரை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் திரையில் எந்த அறையின் எண் ஏறுகிறது என்று பார்க்கட்டும். ஒரே மாதிரிப் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் இணைக்கும்போது பெயர்கள் மாறிவிடுவது சாதாரணம். இரண்டு அறைகளின் சென்சார்கள் இடம் மாறினால், ஓர் அறையின் குளிருக்கு மற்ற அறை சூடாக்கப்படும். அந்தச் சூடு முதல் அறைக்கு எட்டாததால் இயந்திரம் நிற்காமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். எல்லா அறைக்கும் இந்தச் சோதனை வேண்டும். மாதிரிக்கு நாலு அறை பார்த்தோம் என்ற பேச்சை ஏற்காதீர்கள். கூடவே, புதிய கருவிகளைச் சேர்த்துக்கொள்ளும் வசதியை மூடிவிட்டார்களா, கடவுச்சொற்களும் குறியாக்கச் சாவிகளும் கட்டடத்தின் கைக்கு வந்துவிட்டனவா என்றும் கேளுங்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் 1883இல் மின்சார அறை வெப்பநிலைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு பள்ளிப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, அடித்தளத்துக்குப் போய் காற்றுத் தடுப்புகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வகுப்பறையில் இருப்பவர்களின் குளிரும் வெப்பமும் கீழே இருக்கும் பணியாளருக்குத் தானாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கருவி பிறந்தது. இன்று நடப்பது தலைகீழ். ‘குளிருகிறது’ என்று ஒருவர் புகார் சொன்னால், திரையைப் பார்த்து ‘23 டிகிரி காட்டுகிறதே’ என்று அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். சென்சாரைச் சந்தேகிக்காமல் மனிதரைச் சந்தேகிக்கும் இந்தப் பழக்கம் எனக்குக் கோபம் தருகிறது. தினமும் எட்டு மணி நேரம் அந்த நாற்காலியில் இருப்பவரின் உடம்பும் ஒரு சான்றுதான். புகார் வந்தால், சோதிக்கப்பட்ட கைவெப்பமானி ஒன்றுடன் அவர் இருக்கைக்கே ஆளை அனுப்புங்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்புக் கருவி வேண்டாம். அது காற்றை அளக்காது, எதை நோக்கிப் பிடிக்கிறோமோ அதன் மேற்பரப்பைத்தான் அளக்கும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஒப்பந்தத்தில் கடைசித் தவணைப் பணத்தை மூன்று சோதனைகளோடு கட்டிப்போடுங்கள்: அறை அறையாகக் கைவைத்துப் பார்க்கும் சோதனை, ஆட்கள் நிறைந்த நாளில் சமிக்ஞைச் சோதனை, வேண்டுமென்றே சில சென்சார்களின் பேட்டரியைக் கழற்றிவிட்டு எச்சரிக்கை வருகிறதா, இயந்திரம் மாற்று வழிக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை. அந்த மூன்றின்போதும், நாளை அந்தக் கட்டடத்தை ஓட்டப்போகும் பராமரிப்புப் பணியாளர்களை உடன் நிற்க வையுங்கள். ஏற்புப் படிவத்தில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர்கள் கையெழுத்துக்கும் இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்