தமிழ்ப் படத்தில் தமிழ் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மெர்டேக்கா என்னும் மலேசியச் சுதந்திர தின விடுமுறையில் 'கூலி' பார்க்க என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 81 வயது. இன்னும் காது நன்றாகவே கேட்கும். அடுப்படியில் குக்கர் விசில் எத்தனை என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே எண்ணிச் சொல்வார். ஆனால் அன்றைக்குப் பாதிப் படம் ஓடுவதற்குள் நாலைந்து தடவை என் முழங்கையைத் தட்டி, "என்னம்மா சொல்றான்?" என்று கேட்டுவிட்டார். எனக்கும் கேட்கவில்லை. திரைக்கு அடியில் ஓடிய மலாய் எழுத்தைப் படித்து, அதை மனசுக்குள் தமிழாக மாற்றி, அம்மா காதோடு வாய் வைத்துச் சொன்னேன். தமிழ்ப் படத்தில் ரஜினி தமிழில் பேசியதை மலாயில் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அடுத்த காட்சியிலிருந்து அம்மா கேட்பதை விட்டுவிட்டு, சேலைத் தலைப்பைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சத்தத்துக்குப் பயந்தவள் இல்லை. ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எதிர்க்கடையில் காலை பத்து மணிக்குப் பாட்டுப் போட்டால் இரவு கடை அடைக்கும்வரை ஓயாது. எனக்குத் தையல் மிஷின் சத்தம் வேறு. அதற்கு நடுவில்தான் வாடிக்கையாளர் சொல்லும் அளவைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன், தப்பு வருவதில்லை. ரஜினி படம் என்றால் தவறாமல் போகிற ஆளும் நான்தான். 'கூலி'யில் நண்பன் இறந்த வீட்டுக்கு தேவாவாக ரஜினி வந்து நிற்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. சௌபின் ஷாஹிரின் நடிப்பையும் மறக்க முடியாது. இவ்வளவு நல்ல நடிகர்களை வரவழைத்து, அவர்கள் பேசுவதை மேளத்துக்கு அடியில் ஏன் புதைக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இது ஒரு படத்தின் குறை இல்லை. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது சத்தம் தாங்கவில்லை என்று பலரும் குறைப்பட்டார்கள். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே திரையரங்குகளிடம் ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கச் சொல்லும்படி ஆயிற்று. ஆஸ்கார் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டியும் இந்தச் சத்தத்தைப் பற்றி வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். தியேட்டரில் பேச்சு பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்துதான் வரும். இசையும் அடிதடிச் சத்தமும் நாலா பக்கமிருந்தும் வரும். சத்தம் அதிகம் என்று ஒலியைக் குறைத்தால் பேச்சும் சேர்ந்து குறைந்துவிடும். ஆகவே தியேட்டர்க்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. படத்தின் ஒலியைக் கலக்கும்போதே, இந்த இடத்தில் ஒருவர் பேசுகிறார், மற்றதெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும் என்று இயக்குநரும் இசையமைப்பாளரும் முடிவு செய்ய வேண்டும்.

அம்மாவின் தலைமுறை படத்தைக் காதால் பார்த்த தலைமுறை. எங்கள் வீட்டில் 'திருவிளையாடல்' கதை வசன கேசட் ஒன்று இருந்தது. 1965-இல் வந்த படம். அந்த நாடா தேய்ந்து, நடுவில் அறுந்து, அப்பா நகப்பூச்சு வைத்து ஒட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. தருமியாக நாகேஷ் புலம்புவதையும், சிவாஜி அவரைக் கேள்வி கேட்கச் சொல்வதையும் நாங்கள் ஐந்து பிள்ளைகளும் மூச்சு விடாமல் ஒப்பிப்போம். அதற்குப் பிறகு பல வருடம் கழித்துத்தான் அந்தப் படத்தைத் திரையில் பார்த்தேன். அம்மாவுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்புதான், அதுவும் தோட்டத்துப் பள்ளியில். அவருக்கு நல்ல தமிழ் காதில் விழுந்தது கோயிலிலும் வானொலியிலும் சினிமாவிலும்தான். இப்போதைய பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். என் பேரன் மலாய்ப் பள்ளியில் படிக்கிறான். வீட்டுக்கு வெளியே அவன் காதில் விழும் தமிழில் முக்கால்வாசி சினிமாத் தமிழ். அதுவும் கேட்காவிட்டால் அவனும் கீழே ஓடும் மலாய் எழுத்தைத்தான் படிப்பான். படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அண்மைக் காலத்தில் என் மனசில் நின்ற படங்கள் எல்லாம் பேச்சைக் கேட்கவிட்ட படங்கள்தான்.

2024 செப்டம்பரில் வந்த, பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' அதில் முதல். தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, பல வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்கு வருகிறார். அரவிந்த்சாமி நடித்திருக்கிறார். அங்கே "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் கார்த்தியின் பெயர்கூட அவருக்கு ஞாபகம் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேரும் பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம். கல்யாண மேடையில் அந்தத் தங்கைக்கு அருள் நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, கடைசியில் குனிந்து கொலுசு மாட்டிவிடுகிறாரே, அப்போது அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அந்த அமைதியும் எங்களுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. பக்கத்து அரங்கில் ஏதோ சண்டைப் படம். சுவர் வழியாக 'தம் தம்' என்று அதிர்வு வந்துகொண்டே இருந்தது. என் நாற்காலியின் கைப்பிடியில் வைத்திருந்த தண்ணீர் போத்தலில் தண்ணீர் நடுங்கியது. படம் வெளியான சில நாட்களிலேயே நீளம் அதிகம் என்று ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கோபமே வந்தது. சண்டைக் காட்சி நீளம் என்று யாரும் கத்தரிக்கோல் எடுப்பதில்லை. இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து பேசினால்தான் நீளம் தெரிகிறது.

'லப்பர் பந்து'வும் அதே மாதம்தான் வந்தது. கிரிக்கெட் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இருந்தாலும் மைதானத்தில் டிராக்டரை இறக்கி உழும் யசோதாவுக்கும் அவள் மாமியாருக்கும் நடுவில் உள்ள பாசத்துக்காக மகளோடு இரண்டாவது தடவையும் போனேன்.

அதற்கு முந்தின மாதம் வந்த 'கொட்டுக்காளி'யைப் பிறகு வீட்டில் மகளின் கணினியில் பார்த்தேன். அதில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, கட்டி வைத்த சேவலின் சிறகடிப்பு, தொண்டை கட்டிய சூரியின் குரல், இவ்வளவுதான். கதாநாயகி மீனா படம் முழுக்க ஒரே ஒரு வசனம்தான் பேசுகிறாள். அந்த ஒன்று என் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

அப்புறம் 2025 மே முதல் தேதி வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இதற்கும் அம்மாவை அழைத்துப் போனேன். இலங்கையிலிருந்து படகில் வந்து சேரும் ஒரு குடும்பம், தங்கள் பேச்சு காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து பயந்து சென்னையில் வாழ்கிறது. பேச்சைப் பற்றிய படம் என்பதாலோ என்னவோ, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. சசிகுமாரும் சிம்ரனும் பேசப் பேச அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வெளியே வந்ததும், "கிராணியார் வீட்டம்மா இப்படித்தான் கதைக்கும்" என்றார். செபராங் பிறையில் அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கிராணியாராக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அறுபது வருடத்துக்கு மேல் அந்த அம்மாளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே வந்ததில்லை. அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அந்தத் தோட்டத்துக் கதைகள்தான். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அந்த அம்மாள் கஞ்சி கொடுத்துவிட்டதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரியும்.

நம் நாட்டுப் படங்களுக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. 2015-இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாத்' படத்தில் நம் ஆட்கள் நம்மைப் போலவே பேசினார்கள். மலாய்ச் சொல்லும் தோட்டத்துத் தமிழும் கலந்து, மெருகு பூசாமல் பேசினார்கள். மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அதுவே தேர்வானது. 2022-இல் 'பூச்சாண்டி' வந்தபோது அதிலும் நம் பேச்சுக் கேட்டது, தமிழ்நாட்டிலும் ரசித்தார்கள். ஆனால் சில உள்ளூர்ப் படங்களைப் பார்க்கும்போது, பட்டர்வொர்த்தில் நிற்கும் பையன் மதுரைக்காரனைப் போல மிரட்டுகிறான். சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்கி வரச் சொல்ல, நம் பிள்ளைகள் 'தாப்பாவ்' பண்ணிக்கொண்டு வா என்றுதானே சொல்கிறார்கள்? அதைத் திரையில் சொல்ல எதற்குக் கூச்சம்? பெரிய இசைக்கும் பெரிய சண்டைக்கும் இங்கே பணம் இல்லை. பேச்சுக்குப் பணம் வேண்டாம். அந்த வசதியை நம் இயக்குநர்கள் விட்டுவிடக் கூடாது.

ரசிகர்களுக்கும் ஒன்று. சத்தம் அதிகமாக இருந்தால் எழுந்து போய்ச் சொல்லுங்கள். 'கூலி'க்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு படத்துக்குப் போனபோது நான் சொன்னேன். வாசலில் நின்ற மலாய்த் தம்பி, "சரி ஆன்ட்டி, சொல்கிறேன்" என்று போனான். கொஞ்ச நேரத்தில் ஒரு படி குறைந்தது. எனக்கு முன் வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்து நன்றி சொன்னாள். அவளுக்கும் அதே கஷ்டம்தான், கேட்கத்தான் தயக்கம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு சினிமாப் பக்கத்தை நான் கடையில் வைத்துத் தவறாமல் படிக்கிறேன். எந்தப் படம் எத்தனை கோடி வசூல் என்று எழுதுகிறீர்கள். அதோடு, இந்தப் படத்தில் வசனம் காதில் விழுகிறதா, வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். சின்னப் படங்கள் பினாங்கில் எங்கே, எத்தனை மணிக்கு ஓடுகின்றன என்றும் போடுங்கள்; பல படங்கள் ராத்திரி ஒரு காட்சியோடு நாலே நாளில் போய்விடுகின்றன, எங்களுக்குத் தெரிவதற்குள் போஸ்டரையும் எடுத்துவிடுகிறார்கள்.

தீபாவளி நெருங்குகிறது. தைக்க வேண்டிய ரவிக்கைகள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. தீபாவளிக்கு மறுநாள் மட்டும் கடை கிடையாது, அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்கள் பக்கத்தில் அந்த ஒரு வரி வந்தால், அதைப் பார்த்துத்தான் இரண்டு டிக்கெட் எடுப்பேன்.

அன்புடன்,
கடைத்தெரு வாசகி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு