ஒரு சி-90 கேசட்டும் பழைய ஹெவி மெட்டலும்: பதிவு நிலைய அண்ணனுக்கு ஒரு கடிதம்

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகன் கையில் ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்பியிருந்தேன், கிடைத்திருக்கும். அதன் உறைத்தாளில் பாட்டுகளின் பெயரையும் நேரத்தையும் மட்டுமே எழுதினேன். எதை ஏன் சேர்த்தேன், எதற்குப் பின் எதை வைத்தேன் என்று சொல்ல அந்தச் சிறிய தாளில் இடமில்லாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பலரும் படிக்கும்படி இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் கடையில் பாட்டுப் பதிந்துகொண்டு போனவர்கள் காட்பாடியிலிருந்து ஆற்காடு வரை இன்னும் இருக்கிறார்கள். பாட்டுகளை வரிசைப்படுத்துவது ஒரு கலை என்பதை உங்களிடம்தான் கற்றேன் என்று அவர்கள் அறியச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

லாங் பஜாரில் இருந்த அந்தக் கடைக்கு வருகிறவர்கள் நோட்டுத் தாளைக் கிழித்து, சினிமாப் பாட்டுகளை மனதில் வந்த வரிசையில் எழுதிக் கொடுப்பார்கள். நீங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே பென்சிலால் நிமிடமும் விநாடியும் குறித்து, அடியில் கோடு போட்டுக் கூட்டுவீர்கள். கூட்டுத்தொகை, சி-90 கேசட்டின் ஒரு பக்கம் கொள்ளும் 45 நிமிடத்தைத் தாண்டிவிட்டால், எதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளலாம் என்று வந்தவரிடமே கேட்பீர்கள்; பக்கத்தின் முடிவில் ஒரு பாட்டு பாதியில் அறுந்துபோக நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. இரண்டு சோகப் பாட்டுகள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் தாளக்கட்டுள்ள ஒன்றைக் கொண்டுவந்து வைப்பீர்கள். சி-120 கேட்டவர்களுக்கு, அதன் நாடா மெல்லியது, டெக்கில் சுற்றிக்கொள்ளும் என்று எடுத்துச் சொல்லி சி-90 கொடுப்பீர்கள். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும் என்பதற்காக மூலத் தட்டு கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்வீர்கள். நான் எடுத்துக்கொண்ட இசை உங்கள் கடையில் யாரும் கேட்டு வராத இசைதான். ஆனாலும் அதைத் தொகுக்க உட்கார்ந்தபோது எனக்குக் கை கொடுத்தவை இந்த விதிகள்தாம்.

சி.எம்.சி.யிலும் வி.ஐ.டி.யிலும் படிக்க வந்த வடகிழக்கு மாநில மாணவர்களிடமிருந்துதான் மின்கிட்டாரும் டிரம்மும் ஓங்கி ஒலிக்கும் ஹெவி மெட்டல் என்ற ராக் இசை என் காதுக்கு வந்தது. அவர்கள் கொடுத்தவை பெரிய குழுக்களின் பாட்டுகள். அந்தப் பெரிய குழுக்கள் யாரைக் கேட்டு வளர்ந்தன என்று பின்னோக்கித் தேடப் போனபோது, 1970களின் இறுதியிலும் 1980களின் முதல் பாதியிலும் ஒன்றிரண்டு தட்டுகளோடு மறக்கப்பட்ட எத்தனையோ குழுக்கள் எனக்குக் கிடைத்தன. இந்தக் கேசட் அவர்களுக்கானது. அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட், மெட்டாலிகா மூன்றையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவர்களை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பெரிய குழுக்களில் விதிவிலக்கு ஒன்றுதான்: ஏ பக்கத்தின் முதல் பாட்டு. அது 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் தட்டில் முதலாவதாக வரும், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டு. மழைச் சத்தமும் தேவாலய மணியும் கேட்ட பிறகு கிட்டார் மூன்றே சுரங்களை மிக மெதுவாக வாசிக்கும். உங்களுக்குச் சுரஞானம் உண்டென்பதால் அதை நம் கணக்கிலேயே சொல்கிறேன்: ஆதார சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு கீழே இறங்கிப் பிரதி மத்தியமத்தில் நிற்கும் ஓர் அசைவு. கல்யாணியில் நமக்கு அவ்வளவு மங்கலமாகக் கேட்கும் அந்தப் பிரதி மத்தியமம், துணைச் சுரங்கள் எதுவுமின்றித் தனியாக நிறுத்தப்பட்டு, அந்த வேகத்தில், அந்த மணியோசைக்குப் பின் வரும்போது எப்படி நெஞ்சைப் பிடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் கீசர் பட்லர், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளர் செவ்வாய்க் கோளுக்கு எழுதிய பகுதியை வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் இது பிறந்தது என்பார்கள்.

அந்தக் கிட்டாரை வாசித்த டோனி அயோமியைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு, 17 வயதில், அந்த வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் வலது கை சிக்கி நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கமுள்ளவர். அதனால் தந்தியை அழுத்தும் கையே அந்த வலது கைதான். ராணிப்பேட்டை சிப்காட்டில் தகட்டுப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிற எனக்கு இதைப் படித்தபோது உடம்பு பதறியது. பிரஸ் மெஷினின் மேல்தட்டு இறங்குவதற்கும் கையை இழுப்பதற்கும் நடுவே எவ்வளவு சின்ன அவகாசம் என்று நாள்தோறும் பார்க்கிறேன். இரண்டே விரல்களால் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டின் தட்டை அங்கிருந்த மேற்பார்வையாளர் கொண்டுவந்து கேட்கச் செய்த பிறகே அயோமிக்கு நம்பிக்கை திரும்பியது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்துகொண்டார். அது தந்தியில் வழுக்கியதால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை அதன்மேல் ஒட்டினார். எந்தத் தோல் வழுக்கும், எது பிடிக்கும் என்று அவர் தேடிய கதையை, ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் சூழ வாழும் நம்மைவிட யார் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்? வலி குறைய மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு 1971இல் வந்த மூன்றாவது தட்டில், பல பாட்டுகளுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்திக்கொண்டார். இந்த இசைக்கே அடையாளமாகிப்போன கனத்த, தாழ்ந்த ஒலிக்கு அந்தக் காயமும் ஒரு காரணம்.

இவ்வளவு கனத்துக்குப் பின் உங்கள் விதிப்படி இறுக்கம் தளர வேண்டும் என்பதால், இரண்டாவதாக லண்டனின் ஏஞ்சல் விட்ச் குழு. 1980இல் வந்த அவர்களுடைய முதல் தட்டின் முதல் பாட்டு, மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்; பல்லவி ஒரே கேட்பில் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதாக, அதே ஆண்டில் வந்த டயமண்ட் ஹெட். எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளாததால் அவர்களே தட்டு போட்டார்கள். வெறும் வெள்ளை உறை, அதன்மேல் கையெழுத்து, அவ்வளவுதான். கச்சேரிகளிலும் அஞ்சலிலும் விற்ற அந்தத் தட்டு ஒரு பையனை அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கே வரவழைத்தது. 1981இல், 17 வயதில், அந்தக் குழுவைப் பார்க்கவென்று வந்து அவர்களோடு தங்கிப்போன லார்ஸ் உல்ரிக் அதே ஆண்டில் மெட்டாலிகாவைத் தொடங்கினார். 1984இல் மெட்டாலிகா பதிந்த டயமண்ட் ஹெட்டின் பாட்டையே அதன் மூல வடிவத்தில் உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். இதன் தொடக்கத்திலும் அதே ஹோல்ஸ்டின் தாளம் கேட்கும். முதல் பாட்டுக்கும் இதற்கும் இடையே ஏஞ்சல் விட்சை வைத்தது, அந்த உறவு சற்றுத் தூரத்திலிருந்து உங்கள் காதில் பட வேண்டும் என்பதற்காகத்தான்.

மெட்டாலிகா தட்டு போடுவதற்கு முன்பே அவர்களை உலகுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் கேசட்தான் என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும். 1982இல் அவர்கள் பதிந்த மாதிரிக் கேசட்டை ரசிகர்கள் படியெடுத்துப் படியெடுத்து அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். நீங்கள் அஞ்சிய இரைச்சல் அதில் நிச்சயம் கூடிக்கொண்டேதான் போயிருக்கும். ஆனாலும் பெரும் கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத ஒரு குழு நாடு விட்டு நாடு போனது.

ஏ பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பேகன் ஆல்டர். 1982இல் பதிந்த இவர்களுடைய பாட்டுகள் முறையாகத் தட்டாக வெளிவர 1998 ஆயிற்று. இடையில் திருட்டுப் பதிப்புகள்தாம் உலவின. பாடுகிறவர் டெரி ஜோன்ஸ், கிட்டார் வாசிக்கிறவர் அவர் மகன் ஆலன். மூக்கு வழியாக வருவதுபோன்ற தந்தையின் மெல்லிய குரலுக்கு வழிவிட்டு, அவர் அடி முடித்த பிறகே மகனின் கிட்டார் எழும். 2015இல் டெரி ஜோன்ஸ் மறைந்தார். இந்தக் குழுவைக் கேளாமலே போயிருப்பேனே என்று நினைத்தால் இன்றும் மனம் துணுக்குறுகிறது.

அமெரிக்காவிலிருந்து ஏ பக்கத்தில் இரண்டு குழுக்கள். கலிஃபோர்னியாவின் கிரித் உங்கோல் பாடகர் டிம் பேக்கரின் குரல் கரகரவென்று கீறும். முதல் கேட்பில் நீங்கள் முகம் சுளிக்கக்கூடும், தயவுசெய்து பாட்டை ஓட்டிவிடாதீர்கள். கன்சாஸ் மாநிலத்து மனிலா ரோடு 1983இல் போட்ட தட்டிலிருந்து மூன்று நிமிடச் சொச்சப் பாட்டு ஒன்றை எடுத்தேன். அதன் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்க் ஷெல்டன் பெரும்புகழ் பெறாமலே பல பத்தாண்டுகள் வாசித்து, 2018இல் ஜெர்மனியில் ஒரு விழாவில் வாசித்து முடித்த கையோடு காலமானார்.

பி பக்கத்தைத் தொடங்கும் குழுவைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவக் கீர்த்தனைகளை அவ்வளவு அக்கறையோடு பதிந்து கொடுத்தவர் நீங்கள். இந்த இசை சாத்தானுக்கானது என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பிளாக் சப்பாத்தின் முதல் பாட்டே, கரிய உருவத்தைக் கண்டு நடுங்கி ஆண்டவரைத் துணைக்கு அழைக்கும் ஒருவனுடைய பாட்டு. சிகாகோவின் டிரபிள் குழுவோ விவிலியத்திலிருந்தே பாட்டெழுதியது. 1984இல் வந்த அவர்களுடைய முதல் தட்டு, பின்னாளில் விவிலியத்தின் ஒன்பதாம் சங்கீதத்தின் பெயராலேயே வழங்கியது. டென்மார்க்கின் மெர்சிஃபுல் ஃபேட்டின் சங்கதி வேறு. அவர்கள் சாத்தானைப் பாடினார்கள், அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். பாடகர் கிங் டயமண்டின் உச்சக்குரலுக்காகவும், ஒரே பாட்டுக்குள் அடுத்தடுத்து மாறிக்கொண்டே போகும் கிட்டார் அமைப்புக்காகவும் அவர்களைச் சேர்த்தேன். 1983இல் வந்த தட்டில் 11 நிமிடத்துக்கு மேல் ஓடும் அவர்களுடைய பாட்டு ஒன்று பக்கத்தில் நான்கில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால், மனமில்லாமல் அதை விட்டுவிட்டுச் சிறியதை எடுத்தேன். அளவற்ற இடமிருந்தால் இந்தத் தேர்வே நடந்திருக்காது. 45 நிமிடம் என்ற எல்லைதான் எது வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மொழி புரியாத இரண்டு பாட்டுகளும் உண்டு: மாட்ரிட்டின் பரோன் ரோஹோ ஸ்பானிய மொழியில், ஒசாகாவில் 1981இல் தொடங்கிய லவுட்னஸ் ஜப்பானிய மொழியில். லவுட்னஸ் பிறகு ஆங்கிலத்தில் பாடி அமெரிக்கா வரை போனது. எனக்கு அவர்களுடைய தொடக்கக் காலத் தட்டுகளே மேல். அவர்களுடைய கிட்டார் கலைஞர் தகசாகியின் விரல்களைக் கவனியுங்கள்.

கடைசிப் பாட்டு பெங்களூரிலிருந்து. காட்பாடியில் பிருந்தாவனில் ஏறினால் போய்விடும் ஊரில், 1998இல் தொடங்கிய கிரிப்டோஸ் என்ற குழு இந்தப் பழைய பாணியை இன்றும் வாசிக்கிறது. 2013இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்த முதல் இந்திய மெட்டல் குழு இதுதான். இரண்டு கிட்டார்கள் சேர்ந்து வாசிக்கும் இடம் வரும்போது கோயில் வாசலில் ஜோடி நாகஸ்வரம் கேட்பதாக உங்களுக்குத் தோன்றலாம். நம்மவர்கள் இருவரும் ஒரே சுரத்தில் நிற்பார்கள், இவர்களோ ஒருவர் சுரத்துக்கு மேலே ஒரு காந்தார இடைவெளி விட்டு மற்றவர் நடந்துவருவார்.

பதிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேகன் ஆல்டரின் பதிவு மெலிந்தது, லவுட்னஸின் பதிவு கனமானது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகையில் நீங்கள் எழுந்து ஒலியைத் திருகாமல் இருக்க, ஒவ்வொரு பாட்டுக்கும் மீட்டர் முள்ளைப் பார்த்து அளவை மாற்றிப் பதிந்தேன். முள் சிவப்பில் கொஞ்சம் ஏறும்படி விட்டது தெரிந்தேதான்: நாடா நிறையும்போது டிரம்மின் முனை மழுங்கி, ஓசைக்குச் சதைப்பிடிப்பு வருகிறது. இந்த இசைக்கு அது பொருந்துகிறது. இரைச்சலைக் குறைக்கும் டால்பி இல்லாமல் பதிந்ததால் உங்கள் டெக்கிலும் அதை அணைத்துவையுங்கள். நெடுநாள் ஓடாத டெக் என்று மகன் சொன்னார். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

பி பக்கத்தின் கடைசியில் ஏறக்குறைய நான்கு நிமிடம் மிச்சம். அங்கே வைக்க என்னிடம் மூன்று பாட்டுகள் இருக்கின்றன: கேர்ள்ஸ்கூல் என்ற பெண்கள் குழுவின் வேகமான ஒன்று, வார்த்தையில்லாமல் கிட்டார் மட்டும் வாசிக்கும் ஒன்று, கேண்டில்மாஸ் என்ற ஸ்வீடன் குழுவின் மெதுவான பாட்டுகளில், நேரம் போதாமல் போகக்கூடிய ஒன்று. கிரிப்டோஸுக்குப் பின் எது வந்தால் சரியாக இருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை. மேற்கொண்டு பதிய முடியாமல் செய்ய உடைக்கும், அந்தப் பக்கத்துக்குரிய பிளாஸ்டிக் துண்டை இன்னும் உடைக்காமல் வைத்திருக்கிறேன். முழுவதும் கேட்ட பிறகு உங்கள் முடிவை மகனிடம் சொல்லி, கேசட்டையும் கொடுத்தனுப்புங்கள். பதிந்து திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கையாளன்