கடற்கரையில் செரினேடும் ஸ்பீக்கரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 'செரினேட் மாலை' என்று விளம்பரம் செய்துவிட்டு ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்குகிறார்கள். செரினேட் என்றால் ஒருவர் வீட்டு ஜன்னலடியில் நின்று அவருக்காக வாசிப்பது. அதற்கு இவ்வளவு சத்தம் எதற்கு? ஐரோப்பிய இசையமைப்பாளர் மோட்சார்ட் 1781-ல் எழுதிய ஈ-ஃபிளாட் சுருதி செரினேடுக்கு முதலில் 2 கிளாரினெட், 2 ஹார்ன், 2 பசூன்தான். அக்டோபர் 31 இரவு அந்த ஆறு பேரும் மோட்சார்ட் வீட்டு முற்றத்துக்கே வந்து வாசித்தார்கள். ஊதும் கருவிகள் என்பதால் வெட்டவெளியிலும் எடுபட்டது. நம் நாகஸ்வரம் மட்டும் என்ன, வீதியுலாவுக்கு மைக்கா கேட்டது?

கிதார், வயலின் மட்டும் என்றால் கடலோரம் சரிப்படாது. அலைச் சத்தம் விழுங்கிவிடும். உள்ளே தள்ளி, ரோமன் ரோலண்ட் வீதி போல இருபுறமும் சுவர் உள்ள தெருவில், சுவருக்கு முதுகு காட்டி நின்றால் ஒலி முன்னால் வரும். கடற்கரையில்தான் என்றால், கலைஞர்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். கடற்காற்று ஒலியைக் கேட்பவர் பக்கம் கொண்டுவரும். இசைக்குறிப்புத் தாள் பறக்காமல் துணி கிளிப் போட மறக்க வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கருவியை உடனே சுருதி சேர்த்தால் இரண்டாவது பாட்டிலேயே விலகிவிடும். பெட்டியைத் திறந்து கால் மணி நேரமாவது வெளிக்காற்றில் வைத்த பிறகு சேர்க்க வேண்டும்.

இசை ஆர்வலர்கள்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி