குன்றக்குடி அடிகளாரைப் பற்றி ஒரு கடிதம்

காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம். நாகர்கோவிலில் தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மடத்தின் பூசையையும் சாத்திரத்தையும் கவனிக்க வேண்டிய துறவி ஊர் விவகாரங்களில் தலையிடுவது முறைதானா என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். குன்றக்குடித் திருமடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளாரின் நூற்றாண்டு 2025 ஜூலையில் நிறைவடைந்ததை ஒட்டி அவருடைய எழுத்துகளை மறுபடியும் படித்து வந்ததால், அந்தக் கேள்விக்கு அவரை முன்வைத்தே பதில் சொல்லத் தோன்றுகிறது.

மயிலாடுதுறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அரங்கநாதனாகப் பிறந்தவர் அவர். சிறுவயதில் அண்ணாமலை நகரில் தமிழறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளையின் வீட்டுக்கு நாள்தோறும் போய் ஒரு குறளை ஒப்பித்துக் காலணா வாங்கிக்கொண்டு வருவாராம். பிற்காலத்தில் அவர் எந்த மேடையில் ஏறினாலும் குறள் தானாக வந்து விழுந்ததற்கு அந்தக் காலணாதான் வித்து என்று நினைக்கிறேன். சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்காகச் சுவாமி சகஜானந்தர் நடத்திவந்த தொண்டின் பக்கம் ஈர்க்கப்பட்டதும் அந்த வயதில்தான். தீண்டாமையை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்ததற்கு வேர் அங்கே இருக்கிறது. பிறகு தருமபுரம் ஆதீனத்தில் கந்தசாமித் தம்பிரானாகத் துறவு பூண்டு, 1949இல் குன்றக்குடிக்கு வந்து, 1952இல் அந்தத் திருமடத்தின் 45ஆவது தலைவராகப் பட்டம் ஏற்றார்.

அவர் பட்டமேற்ற காலம் எப்படிப்பட்டது என்பது தங்களுக்கு நினைவிருக்கும். கோயிலையும் மடத்தையும் பகுத்தறிவு இயக்கத்தார் ஊர்தோறும் மேடை போட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வசை பாடியபோது, இவர் அருள்நெறித் திருக்கூட்டம் என்ற சமய அமைப்பைத் தொடங்கி மக்களிடமே போனார். கோயிலில் தமிழ் அருச்சனை வேண்டும் என்றும், சாதியைச் சொல்லி ஒருவரையும் தள்ளி நிறுத்தக் கூடாது என்றும் ஒரு மடாதிபதியே பேசியதைக் கேட்டு, எதிர்த்தரப்பில் இருந்தவர்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியாருக்கும் அவருக்கும் நட்பு உண்டானது அப்படித்தான். பெரியார் மடத்துக்கு வந்தபோது அடிகளார் திருநீறு கொடுக்க, பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட செய்தி இன்றும் எங்கள் பக்கத்தில் பேசப்படுகிறது. அது கொள்கை மாற்றமன்று, மரியாதை. இருவருமே தங்கள் கொள்கையிலிருந்து இம்மியும் நகராமல், ஒருவரையொருவர் மதிக்க முடியும் என்று காட்டினார்கள். இப்போது அத்தகைய பெருந்தன்மையைக் காண அரிதாயிருக்கிறதே என்று எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது.

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து அவர் வழக்கையும் அபராதத்தையும் எதிர்கொண்டதும், பின்னர்ச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்ததும் தாங்கள் அறிந்தவை. அவற்றை விரித்து எழுதவில்லை. என்னைப் பெரிதும் கவர்ந்தது எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் கையிலெடுத்த குன்றக்குடிக் கிராமத் திட்டம். வானம் பார்த்த இந்தச் செம்மண் பூமியில் கண்மாய் பெருகினால்தான் சோறு. அந்த ஊரில் எந்த வளம் இருக்கிறது, யாருக்கு வேலை இல்லை என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வக விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்துவந்து, சிறு தொழில்களுக்கு வழி செய்தார். ஆய்வகம் சில மைல் தொலைவில்தான் இருந்தது. ஆயினும் அதற்கும் உழவர் வீட்டுக்கும் இடையே பாதை போட ஒரு துறவி தேவைப்பட்டார். நாட்டின் திட்டக்குழுவே இந்த முயற்சியை ஒரு முன்மாதிரியாக எடுத்துப் பேசியது.

பசித்தவனிடம் பதிகம் பாடிவிட்டுத் திரும்புவது சமயமாகாது என்பதே அவருடைய நிலை என நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அப்பர் கோயில்களில் புல் செதுக்கும் உழவாரப் படையோடு திரிந்ததை நாம் வழிபடுகிறோம்; அதே கைத்தொண்டை நம் காலத்துத் துறவி ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் செய்தால் மட்டும் அரசியல் என்கிறோம். ஆகவே தங்கள் கேள்விக்கு என் பதில், முறைதான் என்பதே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்தத் தலையீடு ஒரு சாராரை இன்னொரு சாராருக்கு எதிராகத் தூண்டிவிடுவதாக இருக்கக் கூடாது. அடிகளாரிடம் நான் அதைக் காணவில்லை. 1982இல் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியானபோது, அவர் தங்கள் மாவட்டத்துக்கு வந்து இந்துக்களையும் கிறித்தவர்களையும் சந்தித்து அமைதிக்காகப் பாடுபட்டார். காவி உடுத்தவர் கடற்கரை ஊர்களில் சமாதானம் பேச நடந்தது சிறிய காரியமன்று.

அதைப் பற்றி நூல்களில் படித்ததோடு நிற்கிறேன். தாங்களோ அந்த மண்ணிலேயே இருக்கிறீர்கள். அன்று அவரை நேரில் கண்ட மீனவர்களும், கோயில் தரப்புப் பெரியவர்களும் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களிடம் பொறுமையாகக் கேட்டு, அவர் என்ன பேசினார், எங்கே அமர்ந்தார், யார் முதலில் இறங்கிவந்தார் என்பதை எல்லாம் எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் இங்கே நடக்கவிருக்கும் வாசகர் கூட்டத்தில் அதை அப்படியே படிக்க விரும்புகிறேன்.

அன்புடன்,
தங்கள் பழைய தோழன்